மூன்றாவது கணினி எழுந்தபோது: ஹாங்காங் மெட்ரோ மோதலும் பெங்களூரு மஞ்சள் தடமும்

2019 மார்ச் 18, திங்கட்கிழமை அதிகாலை 2.45 மணி இருக்கும். ஹாங்காங் மெட்ரோவின் சுன் வான் தடத்தில், சென்ட்ரல் நிலையத்துக்கும் அட்மிரால்டி நிலையத்துக்கும் நடுவே தடம் மாறும் இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஒன்று சென்ட்ரலை நோக்கி வந்தது, மற்றது அங்கிருந்து கிளம்பியது. கடைசிச் சேவை முடிந்த பிறகு நடந்த புதிய சிக்னல் அமைப்பின் ஒத்திகை என்பதால் இரண்டிலும் பயணிகள் இல்லை. ஓட்டுநர்கள் இருவரும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை. அந்தத் தடத்தில் சென்ட்ரலுக்கும் அட்மிரால்டிக்கும் இடையே இரண்டு நாள் ரயில் ஓடவில்லை.

மோதலுக்கு முன்பு அங்கே எதுவும் உடைந்திருக்கவில்லை, எதுவும் எரிந்திருக்கவில்லை. ரயில்களுக்கு வழி கொடுக்கும் பிரதான சிக்னல் கணினி நின்றால் இரண்டாவது வரும், இரண்டும் நின்றால் மூன்றாவது வரும் என்று அமைத்திருந்தார்கள். அந்த மூன்றாவதைப் பரிசோதிக்கத்தான் ஒத்திகையே. அதுவும் சொன்னபடி எழுந்தது, பொறுப்பை ஏற்றது, வேலையைத் தொடங்கியது. அதன் பிறகுதான் இரண்டு ரயில்களை ஒரே இடத்துக்கு அனுப்பியது.

பெங்களூருவில் இருக்கும் நாம் இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி, எலக்ட்ரானிக் சிட்டிக்கோ சில்க் போர்டுக்கோ மெட்ரோ ஏறும் தமிழர்கள் ஏராளம். அந்தத் தடத்தின் கட்டுப்பாட்டு அமைப்பும் ஹாங்காங்கில் அன்று ஒத்திகை பார்த்த அமைப்பும் ஒரே குடும்பம். தயாரிப்பாளர் வேறு, அடிப்படைக் கருத்து ஒன்றே. ரயில் தான் எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். பாதையோரக் கணினி அதைக் கேட்டு, 'நீ இதுவரை போகலாம்' என்று ஓர் எல்லையைத் திருப்பிச் சொல்லும். சிபிடிசி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். ரயில்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, யார் முதலில் தடம் மாற வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணினியின் முடிவு.

"கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சுன்னா என்னடா ஆகும்?" என்று அல்சூரில் இருக்கும் என் மாமா கேட்டார். ஜோலார்பேட்டையில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எலக்ட்ரானிக் சிட்டியில் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ரயில் என் துறை இல்லை. ஆனால் ஸ்டாண்ட்பை கணினியை, அதாவது பிரதான கணினி நின்றால் பொறுப்பேற்கக் காத்திருக்கும் மாற்றுக் கணினியை, எழுப்பிப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஹாங்காங் நிகழ்வை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது. கணினி ஹேங் ஆனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எளிய பதில் உண்டு: போகலாம் என்ற செய்தி வருவது நிற்கும், ரயில் பிரேக் போடும். மாமாவின் அடுத்த கேள்விதான் கடினமானது. அதற்கு முன் அவர் காலத்துச் சிக்னலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ரிலே விழுந்தால் சிவப்பு

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அவர் காலத்துச் சிக்னல் அதை வைத்துத்தான் ஓடியது. பழைய ரிலே அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். சுவர் நீளத்துக்கு ரேக், அதில் வரிசை வரிசையாகக் கண்ணாடி மூடி போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுருள், ஆர்மேச்சர் எனப்படும் அசையும் இரும்புத் துண்டு, மின்சுற்றைச் சேர்க்கும் சில கான்டாக்டுகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ஆர்மேச்சர் மேலே இழுக்கப்பட்டு, 'டக்' என்று முன்கான்டாக்ட் சேரும். அது சேர்ந்தால்தான் பச்சை. மின்சாரம் போனாலும், கம்பி அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், சுருள் கருகினாலும் ஆர்மேச்சர் தன் எடையாலேயே கீழே விழும். விழுந்தால் சிவப்பு. கான்டாக்டுகள் சூட்டில் ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பக்கம் உலோகத்தையும் மறுபக்கம் வெள்ளி கலந்த கார்பனையும் வைத்தார்கள். இரண்டும் பற்றிக்கொள்ளாது.

இந்தப் பெட்டியில் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. அனுமதி என்பது உழைத்துப் பெற வேண்டியது, மறுப்பு தானாக வருவது. எதுவும் தெரியாத நிலை என்றால் 'போகாதே' என்று அர்த்தம். புவியீர்ப்பு ஒருநாளும் லீவு போடாது என்று மாமா சொல்வார்.

கணினிக்குள் புவியீர்ப்பு இல்லை. நினைவகத்தில் ஒரு பிட் கெட்டுப்போனால் அது 0 ஆகவும் மாறலாம், 1 ஆகவும் மாறலாம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு. அதனால் ஒரு கணினியை நம்பி ரயில் ஓட்ட முடியாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஒரே கணக்கை இரண்டு கணினிகள் தனித்தனியே போட வேண்டும், விடை ஒத்துப்போனால்தான் வெளியே போகும். அல்லது மூன்று கணினிகள் போட்டு, அதில் இரண்டு ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று மாறுபட்டால் அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டும் ஓடும். அந்த இரண்டும் முரண்பட்டால் மொத்தமும் நின்றுவிடும். ரயிலுக்கு 'போகலாம்' என்ற செய்தி சில விநாடிகள் வராவிட்டால் அது தானாகவே எமர்ஜென்சி பிரேக் போட்டுக்கொள்ளும். ரிலே விழுவதற்குப் பதில் செய்தி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிக் கட்டிய அமைப்புக்கு உச்சப் பாதுகாப்புத் தரம், அதாவது எஸ்ஐஎல்-4, கேட்கப்படுகிறது. ஒரு பாதுகாப்புச் செயல்பாடு ஆபத்தான விதத்தில் தவறுவதற்கான வாய்ப்பு மணிக்கு 10 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். 10 கோடி மணி என்பது சுமார் 11,400 ஆண்டு. இந்த எண்ணை யாரும் ஓட்டிப் பார்த்து நிரூபிக்க முடியாது. வடிவமைப்பு, ஆய்வு, சோதனை, ஆவணம், வெளியாரின் மதிப்பீடு என்று பல வழிகளில் வாதிட்டுத்தான் நிரூபிக்க வேண்டும். வன்பொருள் கோளாறுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். மென்பொருளில் எழுதப்பட்ட பிழைக்குப் பொருந்தாது. ஒரே தவறான வரியை மூன்று கணினிகளில் ஏற்றினால் மூன்றும் ஒருமித்த குரலில் அதே தவறான விடையைச் சொல்லும். வேறுவேறு ஆட்களை வைத்து எழுத வைத்தால் சரியாகிவிடுமா என்று 1980களில் அமெரிக்காவில் நைட், லெவ்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரே தேவைக்குத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களை ஓட்டிப் பார்த்தபோது, அவை தனித்தனியே தவறவில்லை. கடினமான இடங்களில் பல நிரல்கள் சேர்ந்தே தவறின. மனிதர்கள் இடறும் இடங்கள் பொதுவானவை.

மூன்றாவது ஏன் வந்தது

ரயில் நின்றால் பாதுகாப்பு என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். சுரங்கத்துக்குள் நெரிசலான ரயில் அரை மணி நேரம் நின்றால் உள்ளே மூச்சு முட்டும், யாராவது கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்குவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, கணினி இல்லாமல் மனிதர்கள் ரயிலை நகர்த்தத் தொடங்குவது. 2011 செப்டம்பர் 27 அன்று ஷாங்காய் மெட்ரோவின் 10ஆம் தடத்தில் ஒரு நிலையத்தில் சிக்னலுக்கான மின்சாரம் போனது. கணினிகள் பாதுகாப்பான நிலைக்குப் போயின. அப்புறம் போனில் சொல்லிச் சொல்லி ரயிலை அனுப்பினார்கள். முன்னால் ஒரு ரயில் நிற்பதைச் சரிபார்க்காமல் பின்னால் வந்த ரயிலுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். 270க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சிக்னல் அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்து நின்றது, நின்ற பிறகுதான் விபத்து நடந்தது.

ஆகவே சிக்னல் கணினி அடிக்கடி நிற்கக் கூடாது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ஹாங்காங்கில் இதன் அழுத்தம் இன்னும் அதிகம். நெரிசல் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் ஊர் அது. 2018 அக்டோபர் 16 காலை அங்கே நான்கு தடங்களின் சிக்னல் ஒரே நேரத்தில் தடுமாறியது. இது பழைய அமைப்பில் நடந்தது. அடுத்தடுத்த தடங்களின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பயன்படுத்திய ஓர் உள்எண்ணி அதன் உச்சவரம்பை எட்டியதும், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளால் அதை ஒத்துப்போகும் விதத்தில் கையாள முடியவில்லை. மாற்றுக் கணினிகள் இருந்தும் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே காரணம் தாக்கியது.

இந்தப் பயத்துக்குச் சிக்னல் துறையில் ஒரு பெயர் உண்டு: பொதுக்காரணத் தோல்வி. சுன் வான் தடத்தின் புதிய அமைப்பை வடிவமைத்தவர்களும் அதை மனத்தில் வைத்துத்தான் மூன்றாவது கணினியைச் சேர்த்தார்கள். ஏழு தடங்களின் சிக்னலை மாற்றும் அந்த ஒப்பந்தம் 2015இல் ஆல்ஸ்டாம், தாலேஸ் நிறுவனங்களின் கூட்டுக்குப் போயிருந்தது.

பிரதான கணினியும் அதன் 'ஹாட்' ஸ்டாண்ட்பையும் நொடிக்கு நொடி எல்லாத் தரவையும் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஒன்று விழுந்தால் மற்றது இடைவெளியே இல்லாமல் தொடரும். ஆனால் பிரதான கணினியை வீழ்த்திய கெட்ட தரவும் அதே வழியில் இரண்டாவதுக்குள் போய்விடுமே? அதைத் தடுக்க மூன்றாவதை 'வார்ம்' ஸ்டாண்ட்பையாகக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அதற்கு எல்லாத் தரவும் போகாது, தேர்ந்தெடுத்த சில மட்டும் போகும். மீதியை அது எழுந்த பிறகு தானே புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனையில் தவறு இல்லை என்பதுதான் என் கருத்து. நோய் தொற்றக் கூடாது என்றால் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் தள்ளி வைத்த அளவுக்கு அதற்குத் தெரிந்தது குறையும். தூரம் அதிகமானால் அறியாமை அதிகம், அறிவு அதிகமானால் தொற்று அதிகம். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதில்தான் ஒரு கணினி தவறினாலும் தொடர்ந்து ஓட வேண்டிய மாற்று அமைப்பின் கடினம் முழுவதும் இருக்கிறது. கணினிகளின் எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான்.

அந்த இரவில் தொலைந்தது

சென்ட்ரல், சுன் வான் தடத்தின் கடைசி நிலையம். பல மெட்ரோக்களில் கடைசி நிலையத்துக்கு அருகே இரண்டு தண்டவாளங்களும் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டிப் போகும் இடம் இருக்கும். வந்த ரயில் திரும்பிப் போக வேண்டுமே, அதற்காக. அந்த இடத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு பக்கம் லேசாக ஆடும், சக்கரச் சத்தம் மாறும், நிற்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் இடம். புதிய அமைப்பில் இந்த இடத்துக்கு 'மோதல் பகுதி' என்று ஒரு தரவுப் பதிவு இருந்தது. ஒரு ரயிலுக்கு அந்த வழியைக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது அதுதான்.

வார்ம் ஸ்டாண்ட்பைக்கு அனுப்பப்படாத தரவுகளில் இதுவும் ஒன்று. எழுந்ததும் அது தானே உருவாக்கிக்கொள்ளும் என்பது திட்டம். அந்த நிரல் பகுதியை எழுதியதில் பிழை நேர்ந்தது. மூன்றாவது கணினி எழுந்தது, ஆனால் சென்ட்ரல் அருகேயுள்ள மோதல் பகுதியின் தரவு மறுபடி உருவாகவில்லை. கணினியைப் பொறுத்தவரை அங்கே அப்படி ஒரு பகுதியே இல்லை. இரண்டு ரயில்களும் வழி கேட்டன, இரண்டுக்கும் வழி கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறும் நர்ஸை நினைத்துப் பாருங்கள். எந்தக் கட்டிலில் யார், காய்ச்சல் எவ்வளவு என்பதெல்லாம் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'இவருக்கு இந்த மருந்து ஒத்துக்காது' என்ற ஒரு குறிப்பு மட்டும் போகவில்லை. புதிதாக வந்தவர் பார்வையில் அந்த நோயாளிக்கு எந்தத் தடையும் கிடையாது. அவர் கவனக்குறைவாக இல்லை, குழம்பவில்லை, தன் தாளில் இருப்பதை வைத்துச் சரியாகவே வேலை செய்கிறார்.

மாமாவின் இரண்டாவது கேள்வி இங்கேதான் வந்தது. நான் விளக்கி முடித்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மூணாவது பொட்டி முழிச்சுக்கும்போது, அதுக்கு ஒண்ணுமே தெரியலைன்னா, ஒண்ணுமே தெரியலைன்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியாது. கோளாறு முழுவதும் அதுதான். ரிலே அறையில் வெறுமை என்றால் சிவப்பு. அந்த மென்பொருளில் கட்டுப்பாடு ஒரு தரவாக எழுதப்பட்டிருந்தது. தரவு இல்லாத இடத்தில் கட்டுப்பாடும் இல்லாமல் போனது. வெறுமைக்குப் பச்சை என்று அர்த்தம் வந்துவிட்டது. நூறு வருடமாகச் சிக்னல்காரர்கள் காப்பாற்றி வந்த விதி ஒரு தரவு அமைப்புக்குள் தலைகீழாகிவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை.

இதைத் திருப்பி எழுத முடியும். ஒவ்வொரு தடம் மாறும் இடமும் தொடக்கத்தில் பூட்டியே இருக்க வேண்டும். மோதல் தரவு முழுதாக உருவாகி, அதன் எண்ணிக்கை வரைபடத்திலுள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போன பிறகுதான் அந்தப் பூட்டு திறக்க வேண்டும். தரவு வராவிட்டால் அந்த இடம் பூட்டியே கிடக்கும், ரயில் நிற்கும், கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. மாற்றுக் கணினி வந்த பிறகு எல்லாவற்றையும் சந்தேகித்துச் சரிபார்த்து, ஒவ்வொரு ரயிலும் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்து, மெதுவாக ஊர்ந்து தொடங்க வேண்டும். பிளாட்பாரத்தில் கூட்டம் பொறுமையிழக்கும். மூன்றாவது கணினியைச் சேர்ப்பதே அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் என்பதால், இந்தச் சரிபார்ப்பைச் சுருக்கும் ஆசை இயல்பாகவே வரும்.

ஹாங்காங் அரசின் மின் மற்றும் இயந்திரப் பணித் துறை 2019 ஜூலையில் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. நிரல் எழுதியதில் பிழை, மென்பொருளுக்கான தர உறுதிப்பாடு போதாமை, வார்ம் ஸ்டாண்ட்பை குறித்த ஆபத்து மதிப்பீடு முழுமையாக இல்லாமை, பாவனைச் சோதனைகள் (உண்மையான ரயில் இல்லாமல் கணினியிலேயே ரயில் ஓடுவதுபோல் செய்து பார்ப்பவை) போதாமை என்று காரணங்களை அடுக்கியது. முதல் காரணத்தோடு நிறுத்தியிருந்தால் யாரோ ஒரு நிரலாளரின் தலையில் பழியைப் போட்டு மூடியிருக்கலாம். மற்ற மூன்றையும் சொன்னதால்தான் அந்த அறிக்கைக்கு மதிப்பு. பிழையில்லாமல் எழுதுகிறவர் யாரும் இல்லை. பிழை பிடிபட வேண்டிய மூன்று வலைகள் இருந்தன, மூன்றிலும் ஓட்டை இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தால் பாஸா?

பாவனைச் சோதனை போதவில்லை என்ற வரியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஸ்டாண்ட்பை சோதனை என்றால் ஆய்வகத்தில் பொதுவாக நடப்பது இது: ரேக் முன்னால் நின்று பிரதான கணினியின் கார்டை உருவுவோம். சிவப்பு விளக்கு எரியும். ஸ்டாப்வாட்சைப் பார்ப்போம். ஸ்டாண்ட்பையின் பச்சை விளக்கு எரியும். எத்தனை விநாடி ஆனது என்று எழுதுவோம். வெளியீடுகள் துள்ளாமல் இருந்தனவா என்று திரையைப் பார்ப்போம். எல்லாம் சரி என்றால் தாளில் பாஸ்.

இந்தச் சோதனை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எழுந்ததா? எழுந்த பிறகு அது மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்ற கேள்வி அதில் இல்லை. அதைக் கேட்க வேண்டுமானால் எழுந்த அடுத்த நிமிடமே அதனிடம் தவறான காரியத்தைக் கேட்க வேண்டும். இரண்டு ரயில்களுக்கு ஒரே தடம் மாறும் வழியைக் கேட்க வேண்டும். மூடிய பிளாட்பாரத்துக்கு ரயிலை அனுப்பச் சொல்ல வேண்டும். வேக வரம்பு போட்ட பகுதியில் வரம்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரதான கணினியில் இந்த மறுப்புச் சோதனைகள் எல்லாம் நூற்றுக்கணக்கில் நடந்திருக்கும். மாற்றுக் கணினியில் ஓடுவதும் அதே மென்பொருள்தானே என்று அங்கே அவற்றைத் திரும்பச் செய்யாமல் விடுவது சோதனைத் துறை முழுவதிலும் உள்ள பழக்கம். மென்பொருள் ஒன்றாக இருக்கலாம். அது தொடங்கும் நிலை ஒன்றல்ல.

ஒரு மெட்ரோவில் தடம் மாறும் இடங்கள் எத்தனையோ, அத்தனையையும் எல்லா ஸ்டாண்ட்பை நிலைகளோடும் பெருக்கினால் சோதனைப் பட்டியல் மலைபோல ஆகும் என்பது உண்மை. அதற்காகத்தான் பாவனைக் கணினி இருக்கிறது. உண்மையான ரயிலோடு இரவு 1 மணிக்கு மேல் கிடைக்கும் சில மணி நேரத்தில் அத்தனையும் செய்ய முடியாது. ஆய்வகத்தில் இரவு பகலாக ஓட விடலாம், யாரும் கூட இருக்க வேண்டியதில்லை. தண்டவாளத்தில் நடக்கும் ஒத்திகை ஆய்வகத்தில் கிடைத்த விடையை உறுதிப்படுத்துவதற்கு மட்டும்தான். ஹாங்காங்கில் அந்த விடையே ஒத்திகையில்தான் முதன்முதலாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மாற்றுக் கணினிகளால் தீர்க்க முடியாது. 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் அருகே பாஹாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பெங்களூருவிலிருந்து ஹவுரா போன எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில். 290க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த விபத்தில், பாயின்ட், அதாவது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் தண்டவாள அமைப்பு, பக்கவாட்டுத் தடத்துக்குத் திரும்பியிருந்தபோது அது நேராக இருப்பதாகச் சிக்னல் அமைப்புக்குச் செய்தி போனது. லெவல் கிராசிங் வேலையில் கம்பி இணைப்பை மாற்றியதில் நடந்த தவறு. அமைப்பு தனக்குக் கிடைத்த செய்தியை நம்பிப் பச்சை கொடுத்தது. மூன்று கணினி வைத்து ஓட்டெடுப்பு நடத்தினாலும் அதே பொய்யை மூன்றும் ஒருமனதாக ஏற்றிருக்கும். ஒவ்வொரு மாற்ற வேலைக்குப் பிறகும் பாயின்ட் அருகே ஒருவர் நேரில் நின்று பார்த்து, கணினி சொல்வதும் கண் பார்ப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது ஒன்றுதான் இதற்கு வழி. மாமா இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். "கை வச்சா டெஸ்ட் பண்ணாம விடக் கூடாது" என்பதை அவர் மூன்று தடவை சொன்னார்.

பொம்மசந்திரா வண்டியில் உட்கார்ந்து

மஞ்சள் தடத்துக்கான முதல் ரயில் ஹெப்பகோடி பணிமனைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். சேவை தொடங்கியது 2025 ஆகஸ்ட் 11. தொடங்கும்போது மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. தூண்களும் நிலையங்களும் எப்போதோ தயாராகி நிற்க, கீழே ஓசூர் ரோடு நெரிசலில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. புதிய ரயில்கள் கிடைப்பதில் ஏற்பட்ட தாமதம் பெரிய காரணம். அதோடு சிக்னல் சோதனை, வெளியாரின் பாதுகாப்பு மதிப்பீடு, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு எல்லாம் சேர்ந்துகொண்டன. ரயில் தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சிக்னல் சோதனைக்கு எடுத்த நாட்களை அதே மூட்டையில் கட்டித் திட்டுவது சரியில்லை. 'இன்னும் என்ன டெஸ்ட்?' என்று கேட்டவர்களுக்கு ஹாங்காங் ஒரு நல்ல பதில்.

இந்தத் தடம் ஆளில்லாமல் ஓடும் திறனோடு கட்டப்பட்டது. ஆனால் சேவை கேபினில் ஓட்டுநரோடுதான் தொடங்கியது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் 28 முதல் ஆளில்லா ரயில் ஓடுகிறது. இங்கேயும் ஒருநாள் அது வரும். அதை நான் எதிர்க்கவில்லை. நன்றாகச் சோதித்த கணினி, தூக்கமில்லாத ஓட்டுநரைவிடப் பாதுகாப்பானது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நாள் வரும்போது ரயில்களின் எண்ணிக்கை கூடியிருக்கும், இடைவெளி குறைந்திருக்கும், மென்பொருளும் சில பதிப்புகள் மாறியிருக்கும். 25 நிமிட இடைவெளியில் இரண்டு ரயில்கள் ஒரே தடம் மாறும் இடத்தை ஒரே நேரத்தில் கேட்பது அபூர்வம். மூன்று நிமிட இடைவெளியில் அது அன்றாடம் நடக்கும். முதல் நாள் வாங்கிய சான்றிதழ் அந்த நாளைக்கும் செல்லும் என்று விட்டுவிட முடியாது.

'பேக்கப் கணினி இருக்கிறதா?' என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும், எந்த மெட்ரோவிலும் இருக்கும். அதனால் பயணிகள் சங்கமோ பத்திரிகையாளரோ கேட்க வேண்டியது வேறு. மாற்றுக் கணினி எழும்போது எந்தெந்தத் தரவு அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது, எதை அது புதிதாக உருவாக்குகிறது? உருவாக்கத் தவறினால் ரயில் நிற்குமா, ஓடுமா? மறுப்புச் சோதனைகள் மாற்றுக் கணினியிலும் தனியாக நடந்தனவா, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் மென்பொருள் எழுதிய நிறுவனத்துக்கு வெளியே உள்ளவரா? புதிய பதிப்பு ஏற்றியபோது அவை திரும்ப நடந்தனவா? இவற்றுக்குப் பதில் சொல்ல எந்த ரகசியத்தையும் வெளியிட வேண்டியதில்லை. ஆமாம், இல்லை, எந்தத் தேதியில் என்றாலே போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுக் கணினியை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. மாதம் ஒருமுறை பிரதான கணினியை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க ஸ்டாண்ட்பையிலேயே ஓட்டட்டும், பழக்கத்தில் இல்லாதது அவசரத்தில் உதவாது என்கிறார் அவர். ரயில்வேயில் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம் என்பது அவர் வாதம். ஹாட் ஸ்டாண்ட்பைக்கு அது சரி, அதை ஏற்கிறேன். எல்லாத் தரவும் கையில் உள்ள கணினிக்கு மாறுவதில் ஆபத்து குறைவு. ஆனால் பாதித் தரவோடு எழுகிற கணினியைப் பயணிகள் இருக்கும் நேரத்தில் பழக்கத்துக்காக எழுப்பக் கூடாது. அதை ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முதலில் பாவனைக் கணினியில், தடத்திலுள்ள ஒவ்வொரு தடம் மாறும் இடத்திலும், இரண்டு ரயில்களை வேண்டுமென்றே மோத விட்டுப் பார்க்க வேண்டும். அது முடிந்த பிறகு இரவில் வெற்று ரயில்களோடு தண்டவாளத்தில் பார்க்கலாம், அதுவும் ஒரு ரயில் தடம் மாறும் இடத்துக்கு வெகு முன்பே நின்றிருக்க, நடைவேகத்தில்.